மறுத்துப் பேசியே கீழ்ப்படிந்தவள்

எங்கள் பாறக்கண்டியில் ஒருவன் வானத்தைப் பார்த்து "மழை வரும்போல இருக்கு" என்றால், பக்கத்தில் நிற்கிறவன் குடையை விரித்துக்கொண்டே "வராது" என்பான். மழைமேல் அவனுக்கு ஒரு விரோதமும் கிடையாது. அடுத்தவன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்வது கண்ணூர்ப் பக்கத்தில் ஆணுக்கும் அழகில்லை, பெண்ணுக்கும் அழகில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் சாயாக்கடையில் உட்கார்ந்து என்னத்தைப் பேசுவது?

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த வனஜாவுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். வீடு வீடாகப் போய் ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டி, "இதை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். சோப்புக்காரர்களுக்காகக் கேட்டிருக்கிறாள், பற்பசைக்காரர்களுக்காகக் கேட்டிருக்கிறாள், ஒருமுறை தேர்தலுக்காகக் கேட்கப்போய் உதைபடாமல் தப்பியிருக்கிறாள். ஊர் நாய்களுக்கெல்லாம் அவள் குடையின் நிறம் தெரியும்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் அப்பாவைச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் அனந்தன், ஊருக்கெல்லாம் அண்ணன், அதனால் அனந்தேட்டன். நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தில் தறி போட்டவர், தொழிலாளர் தலைவராக இருந்தவர். அவருடைய புகழ் முழுக்க அவருடைய முழங்காலில் இருக்கிறது. இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் எல்லோரும் நடப்பார்கள். எதிரே பெரிய மனிதர் வந்தால் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட வேண்டும், அதுதான் மரியாதை. வாலிபத்தில் அனந்தன், நிலச்சுவான்தார் வீட்டு வாசலில் முழங்கால் தெரிய மடித்துக் கட்டிய வேட்டியோடு மேலும் கீழும் நடந்தார். அடி விழுந்தது. மறுநாளும் நடந்தார். மறுநாளும் விழுந்தது. பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து லத்தியை நீட்டி இறக்கச் சொன்னபோதும் இறக்கவில்லை. இந்த வேட்டி ஒருத்தனுக்கும் இறங்கினதில்லை என்று மேடைக்கு மேடை சொல்வார். சொல்லட்டும், பொய்யில்லை, முதுகில் தழும்பு இருக்கிறது.

ஆனால் இன்றைக்கு எவனாவது மடித்துக் கட்டிய வேட்டியோடு அனந்தேட்டன் எதிரில் வந்து நின்றால், அவர் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். முழங்காலைத்தான் பார்ப்பார். அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். மறைந்த பிறகுதான் "என்னடா விசேஷம்?" என்பார். மனிதனுக்கு மனிதன் தலைவணங்கக் கூடாது என்று அவர் பேசிய கூட்டத்தில் முன்வரிசை முழுக்க வேட்டியை இறக்கிவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஊருக்கு உபதேசம் உனக்கில்லையடி பெண்ணே என்பார்களே, அதேதான். அந்தப் பெண்தான் வனஜா.

வனஜா வாயாடி. சின்ன வயதிலேயே அப்பாவோடு மல்லுக்கு நிற்பாள். அவருக்கும் அதில் பெருமைதான். "எம் மோளுக்குச் சுதந்திரமா வாதாடத் தெரியும்" என்று சாயாக்கடையில் சொல்லிக்கொள்வார். நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் ஒரு வாரம் வாதாடினாள். ஒவ்வொரு நாளும் அவள்தான் ஜெயித்தாள். அடுத்த வாரம் அப்பா சொன்ன தட்டச்சு வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று வாதாடினாள், அதிலும் ஜெயித்தாள். அப்பா பார்த்த பையனுக்கு வாசகசாலையில் வைத்து மாலை போட்டாள். ஐயர் இல்லை, தாலி இல்லை, தாய்தந்தையர் காலில் விழுவதும் இல்லை. எல்லாம் முற்போக்கு, மாப்பிள்ளை மட்டும் அப்பா சொன்ன ஆள்.

அந்த மாப்பிள்ளை வளைகுடாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான், விவாகரத்தும் ஆயிற்று. அனந்தேட்டன் ஜீப் எடுத்துக்கொண்டு போய், மகளைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வரமாட்டேன், தனியாக இருந்துகொள்வேன், எனக்குக் கையும் காலும் இருக்கிறது என்று வனஜா முகத்துக்கு நேரே சொன்னாள். சொல்லிக்கொண்டே பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். அம்மா கார்த்தியாயனி, இவர்கள் இரண்டு பேருடைய வாக்குவாதத்துக்கு நடுவில் மத்தி மீனை ஆய்ந்துகொண்டிருந்தே தன் காலத்தை ஓட்டி முடித்தவள். அவள் போன பிறகு வீட்டில் மீன் ஆய்வதும் வாதாடுவதும் வனஜா ஒருத்தியின் பொறுப்பாகிவிட்டது.

இப்படி நாற்பத்துமூன்று வயதாகிவிட்ட நிலையில்தான் அந்தப் பெரிய ஆராய்ச்சி வேலை வந்தது. பல நாடுகளில் ஒரே கேள்விகளை அந்தந்த மொழியில் கேட்டு, மனிதர்களுடைய அதிகார மனப்பான்மையை அளக்கிறார்களாம். மேலே இருக்கிறவனுக்கு எவ்வளவு வளைகிறான், கீழே இருக்கிறவனை எவ்வளவு வளைக்கிறான், இரண்டையும் கூட்டி ஒரு எண் வரும். எண் பெரிதாக இருந்தால் ஆள் சர்வாதிகாரிக்கு ஜே போடுகிறவன், சின்னதாக இருந்தால் சுதந்திரப் பிறவி. எங்கள் வட்டாரத்துக்கு மேற்பார்வை ஹரிதா என்ற திருவனந்தபுரத்துப் பெண், படித்தவள், கெட்டிக்காரி, தலைவலி மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைகிறவள். எங்கள் ஜில்லாவில் வேலை செய்து பார்த்தால் அந்த மாத்திரை எதற்கு என்று தெரியும்.

கோழிக்கோட்டில் பயிற்சி நடந்தது. மைசூர்ப் பக்கத்துக் கூட்டமும் வந்திருந்தது. ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்று ஹரிதா ஜோடி பிரித்தபோது வனஜாவுக்கு வாய்த்தவர் நஞ்சுண்டசுவாமி. ஐம்பதைத் தொடுகிற ஆள், மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. மைசூரில் பேக்கரி வைத்திருக்கும் மலையாளிகளோடு பழகி நம் மலையாளம் நன்றாக வரும். தபால் ஆபீஸில் இருந்தவர். மேலதிகாரி எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, தனக்குச் சரியென்று பட்டதை மட்டும் செய்து, நல்ல பெயரோடு விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர்.

அவர் கேட்க, வனஜா எல்லாவற்றையும் மறுத்தாள். அவள் கேட்க, அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பெரியவர்கள் சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்கிறவனே நல்ல பிள்ளை என்பதற்கும் ஆமாம். பெரியவர்களையே கேள்வி கேட்கிறவன்தான் நல்ல பிள்ளை என்பதற்கும் ஆமாம். வனஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டுக்கும் ஆமாம் என்றால் என்ன அர்த்தம் என்று சண்டைக்குப் போனாள்.

"கேக்கறவங்க மனசு நோகக் கூடாது இல்லீங்களா, மேடம்" என்றார் நஞ்சுண்டசுவாமி.

தன் மனசு நோகுமே என்று ஒரு ஆண்பிள்ளை யோசித்து வனஜா கேட்டதே இல்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டபோது வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு அதிகமாக இறங்கியது. பயிற்சி முடிந்தும் அவர் ஃபோன் செய்தார். இவள் திட்டுவாள், அவர் ஆமாம் என்பார். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ஒருநாள் அவர் "மைசூருக்கு வந்துடறீங்களா, பதிவு பண்ணிக்கலாம்" என்று கேட்டார். வராமல் என்ன என்று வனஜா சண்டை போட்டாள். அவள் பாஷையில் அது சம்மதம். மைசூர்ப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். அப்பா அடிக்க மாட்டார், அழ மாட்டார், சாதி பேச மாட்டார். ஊரில் எத்தனையோ பேருக்குச் சாதிவிட்டுச் சாதி கல்யாணம் நடத்தி வைத்த மனிதர். அவர் வாதத்துக்கு வருவார். இவள் ஜெயிப்பாள். ஜெயித்துவிட்டு மீனை ஆய்ந்துகொண்டு இங்கேயே கிடப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் வேலையும் நடந்தது. ஊர் நடுவே பவித்ரனுடைய சாயாக்கடை. அங்கே உட்கார்ந்து கேட்டால் ஒரே இடத்தில் ஆள் கிடைக்கும் என்று வனஜா போனாள். நாட்டுக்குச் சட்டத்தைவிடக் கண்டிப்பான ஒரு தலைவன்தான் தேவை என்ற வாக்கியத்தை வாசித்தாள். எந்தத் தலைவன், அவன் எந்த வர்க்கம், கண்டிப்பு என்றால் யாருக்கு என்று ஆரம்பித்துப் பழம்பொரி தீர்கிற வரைக்கும் பேசினார்கள். கடைசியில் ஒருமனதாக மறுத்தார்கள். தலைவனே தேவையில்லை, மக்களே முடிவு செய்யலாம் என்ற எதிர் வாக்கியத்தை வாசித்தாள். அதையும் ஒருமனதாக மறுத்தார்கள். கேள்வியைத் தயாரித்தவனையே மறுத்தார்கள். பவித்ரன் கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே, மறுக்கிறேன் என்று போட்டிருக்கிற கட்டத்தையே தான் மறுப்பதாகச் சொன்னான்.

அந்த நேரத்தில் அனந்தேட்டன் சங்க ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார். மக்கள், வர்க்கம், சுதந்திரம் என்று கத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தாமலே எழுந்து வேட்டியை இறக்கினார்கள். பவித்ரன் சாயாப் பாத்திரத்தை இடது கைக்கு மாற்றி வலது கையால் இறக்கினான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் உட்கார்ந்ததும் இவர்கள் உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் கவனித்த மாதிரி தெரியவில்லை. வனஜா தன் அட்டவணையைப் பார்த்தாள். இதைக் குறிக்க அதில் இடமே இல்லை.

அனந்தேட்டனுக்கு ஒரு குறை. ஊரெல்லாம் கேட்கிறாயே, என்னை மட்டும் ஏன் விட்டுவிட்டாய் என்றார். சொந்த வீட்டில் கேட்கக் கூடாது என்பது விதி. விதியை அவள் எடுத்துச் சொன்னாள், சொல்லிவிட்டு மறுநாள் காலையில் வராந்தாவில் அவர் எதிரே உட்கார்ந்து கேட்டாள். கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று எண்ணிக்கொண்டாள். வேடிக்கை பார்க்கப் பவித்ரனும் இன்னும் இரண்டு பேரும் வந்து தூணோரம் நின்றார்கள். வேட்டி இறங்கித்தான் இருந்தது.

பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதல்தான் முதல் பாடமா? முழுக்க மறுக்கிறேன், பவித்ரா அந்த விசிறியை எடு. வழக்கத்தை மீறுகிறவர்களைத் தண்டிக்க வேண்டுமா? முழுக்க மறுக்கிறேன், நேராக நில்லுடா. வீட்டுக்கு ஒரு தலைவன் வேண்டுமா? முழுக்க மறுக்கிறேன், வனஜா உரக்கப் படி. மனிதர் மூச்சுவிடாமல் மறுத்துக்கொண்டே போனார். எண் வருமானால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். இந்த ஜில்லாவில் மட்டுமில்லை, கேள்வி போன அத்தனை நாடுகளிலும் இவ்வளவு பெரிய சுதந்திரப் பிறவி இருந்திருக்க மாட்டான்.

கடைசி வாக்கியம் வந்தது. வயது வந்த பெண் தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அனந்தேட்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தான் அவர் ஆயுள் முழுக்கப் போராடினார். "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்" என்றார். அன்றைக்கு அவர் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

வனஜா பேனாவை மூடினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்படின்னா சொல்லிடறேன், அச்சா. நான் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துட்டேன். மைசூர்க்காரர். பதிவு பண்ணிக்கப் போறோம்."

விசிறிக்கொண்டிருந்த பவித்ரனின் கை நின்றது. அனந்தேட்டன் மகள் பக்கம் திரும்பினார்.

"யாரைக் கேட்டு?" என்றார்.

அப்புறம் ஊருக்கு வேறு பேச்சு இல்லை. வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த கதைதான். அனந்தேட்டன் தன் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மகள் கல்யாணம் செய்துகொள்வதில் தனக்கு ஆட்சேபணை இல்லை. கன்னடக்காரன் என்பதில் இல்லை, வயதில் இல்லை, சாதியில் சுத்தமாக இல்லை. தன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததில்தான் ஆட்சேபணை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று பவித்ரன் பணிவாகக் கேட்டான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் கேட்டிருக்க வேண்டும் என்றார்.

சரி, ஆளைக் கூட்டி வா, பேசிப் பார்க்கலாம் என்று உத்தரவானது. நஞ்சுண்டசுவாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா. பேன்ட் போட்டிருந்ததால் இறக்குவதற்கு வேட்டி இல்லை, அனந்தேட்டனுக்கு அதிலேயே பாதி பிடி நழுவிவிட்டது. போதாக்குறைக்கு வந்தவர் கைகூப்பி "வணக்கம் யஜமான்ரே" என்றார். யஜமானன்களை விரட்டியடித்த மண் இது என்று அனந்தேட்டன் கர்ஜித்தார். ஆமாங்க யஜமான்ரே என்றார் நஞ்சுண்டசுவாமி.

சாயாக்கடை மொத்தமும் வராந்தாவில் கூடிவிட்டது. இரண்டு யானை மோதப்போகிறது என்று வந்தவர்கள். அனந்தேட்டன், கல்யாணம் என்பது சொத்துடைமைக்காக உண்டான ஏற்பாடு என்று தொடங்கினார். ஆமாங்க. ஆகவே அது காலாவதியான ஏற்பாடு. ஆமாங்க. அப்படியென்றால் நீங்கள் செய்துகொள்ளப்போவது முட்டாள்தனம். இருக்கலாங்க. அனந்தேட்டன் திணறிப்போனார். எதிரே ஒரு சுவர் இருந்தால் முட்டலாம், கதவு திறந்தே கிடந்தால் எதில் முட்டுவது? பாறக்கண்டியில் அவர் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒருவன் அவருக்கு வாய்த்ததில்லை. சாயாவில் சர்க்கரை கெடுதல், போடாமல் குடியுங்கள் என்றார். ஆகட்டும் என்று சொல்லி நஞ்சுண்டசுவாமி இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அனந்தேட்டன். ஆகட்டும் என்றவர் பதினோரு மணி பஸ்ஸுக்கு எழுந்துவிட்டார். போகிறபோது, இந்தக் கல்யாண யோசனையை விட்டுவிடுவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது என்று அனந்தேட்டன் கடைசிக் குண்டைப் போட்டார்.

"ஆகட்டுங்க யஜமான்ரே" என்று சொல்லிவிட்டு, வனஜாவைப் பார்த்து, "அப்ப நாள் தள்ளிப்போகாம வந்துடுங்க" என்றார் நஞ்சுண்டசுவாமி.

அந்த ஆளை வழியனுப்பிவிட்டு வந்தவளிடம், அனந்தேட்டன் தன் தீர்ப்பைச் சொன்னார். அவனுக்கு முதுகெலும்பு இல்லை. எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவன் நாளைக்கு எந்தக் கொடுங்கோலனுக்கும் ஆமாம் போடுவான். வனஜா விடவில்லை. பெண்ணுரிமை பேசினாள், அவர் நடத்தி வைத்த கல்யாணங்களைப் பெயர் சொல்லி அடுக்கினாள், அவர் மேடையில் பேசியதை அவருக்கே திருப்பிச் சொன்னாள். காலையில் புட்டு அவிக்கும்போது வாதம், சாயங்காலம் துணி மடிக்கும்போது வாதம். பவித்ரன் கடைக்குக் கூட்டம் குறைந்துவிட்டது, எல்லோரும் இங்கேதான். வனஜேச்சி பிய்த்து உதறிவிட்டாள் என்று ஊரே கொண்டாடியது. அனந்தேட்டனே ஒருநாள், என் வாதத்தில் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று பெருமையோடு ஒத்துக்கொண்டார்.

வனஜாவுக்கு உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம், நர்ஸ் படிப்பில் ஜெயித்த மாதிரியே ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. பதிவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை அவள் பரணிலிருந்து இறக்கக்கூட இல்லை.

அப்போதுதான் ஹரிதா ஃபோன் செய்தாள். அழாத குறை. கண்ணூர்க் கணக்கும் மைசூர்க் கணக்கும் வந்திருக்கிறது, இரண்டையும் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போலிருக்கிறது என்றாள். வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் மைசூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறார்கள், கண்ணூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் மைசூரில் இருப்பவர்கள் எல்லாம் அடிமைகள், கண்ணூரில் இருப்பவர்கள் எல்லாம் புரட்சிக்காரர்கள்.

வனஜா எங்கள் ஊர்க்காரர்கள் புரட்சிக்காரர்கள்தான் என்று வாதாடினாள். வேறென்ன செய்வாள்?

"வனஜேச்சி, வாய் சொல்றது ஊர்ப் பழக்கம். சிலருக்கு ஆமாம்ங்கறது வணக்கம் சொல்ற மாதிரி, சிலருக்கு இல்லைங்கறது வணக்கம் சொல்ற மாதிரி" என்றாள் ஹரிதா. "அதுக்கப்புறம் அந்த ஆள் எழுந்து என்ன பண்றான்னுதான் பாக்கணும். அதை நான் எந்தக் கேள்வியில போய்க் கேப்பேன்?"

ஃபோனை வைத்துவிட்டு வனஜா அடுக்களைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தட்டச்சு வகுப்பு ஞாபகம் வந்தது. வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே மடித்த புடவைகள் ஞாபகம் வந்தது. நஞ்சுண்டசுவாமி சாயாவில் சர்க்கரை கலக்கியது ஞாபகம் வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையாக மாறிவிட்டது. அட, இத்தனை வருஷமும் வாயை மட்டும் விடுதலை செய்துவிட்டு மிச்ச உடம்பையெல்லாம் இந்த வீட்டிலேயே வைத்துவிட்டோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் அனந்தேட்டன் வராந்தாவில் கடைசி முடிவைச் சொன்னார். கட்சி மாநாடு முடிகிற வரைக்கும் இந்தப் பேச்சை ஒத்திவைக்க வேண்டும். அதுவரை வனஜா இங்கேயே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவரே யோசித்து ஒரு நிலை எடுப்பார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, வாதத்துக்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். பவித்ரனும் மற்றவர்களும் தூணோரம் வசதியாக நின்றுகொண்டார்கள்.

"சரி, அச்சா" என்றாள் வனஜா.

அனந்தேட்டன் மீதி வரும் என்று காத்திருந்தார். மீதி வரவில்லை.

"என்ன சரி?"

"நீங்க சொன்னது சரிதான், அச்சா."

"ஏன் சரி? எப்படிச் சரி? ஒத்திவைக்கச் சொல்ல நான் யாரு? கேக்க மாட்டியா நீ?"

"பெரியவங்க நீங்க சொல்றீங்க. கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

கிழவர் முகம் வெளிறிப்போய்விட்டது. லத்தியை நீட்டிய இன்ஸ்பெக்டரைப் பார்த்து வராத பயம், இந்த ஒரு சரியைக் கேட்டு வந்துவிட்டது. மகள் எதிர்த்துப் பேசினால் எங்கேயும் போக மாட்டாள் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது பாருங்கள். எதிர்த்துப் பேசு மோளே என்று இரண்டு தடவை கேட்டார். கெஞ்சலாகவே கேட்டார். அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் புட்டும் கடலையும் செய்து மூடி வைத்தாள். மாத்திரை எந்தப் பெட்டியில், அரிசி எந்த டின்னில் என்று பவித்ரனிடம் சொல்லி, தினமும் சாப்பாடு கொண்டுவர ஏற்பாடு செய்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். விராஜ்பேட்டை வழியாக மைசூர் போகிற பஸ் அது. பின்னாலேயே அனந்தேட்டன் வந்தார், முழங்கால் தெரிய மடித்துக் கட்டிய வேட்டியோடு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். அங்கே சாம்பாரில் வெல்லம் போடுவான், உனக்கு ஒத்துக்காது. சரி, அச்சா. மலைப்பாதையில் உனக்கு வாந்தி வரும். சரி, அச்சா. அந்த ஆளுக்கு முதுகெலும்பு இல்லை. சரி, அச்சா.

பஸ் வந்து நின்றது.

"போகாதே, மோளே" என்றார்.

அவளைத் தடுக்க அப்பா உத்தரவாக இல்லாமல் சொன்னது ஆயுளில் அது ஒன்றுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாலும் தன் கால் அங்கேயே வேரோடிவிடும் என்று வனஜாவுக்குத் தெரியும்.

"சரி, அச்சா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

சாயாக்கடைக்கூட்டம் முழுக்கச் சாலைக்கு வந்துவிட்டது. அனந்தேட்டன் மகள் அவர் பேச்சை மீறிப் போகிறாள். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். பவித்ரனால் மட்டும் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடைக்காரன் அல்லவா.

"அனந்தேட்டா, வனஜேச்சி உங்க சம்மதத்தோடதானே போறா?" என்றான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வனஜா காதைத் தீட்டிக்கொண்டாள். இப்போது வரும், முழுக்க மறுக்கிறேன் என்று வரும். கிழவர் பவித்ரனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாக ஜன்னலைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

மழை வரும் என்று சொன்னால்கூட மறுக்கிற மனிதர். வனஜா எழுந்துவிட்டாள். இறங்கிப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள், அது பொய்யல்லவா என்று அவரோடு சண்டை போட வேண்டும்போல இருந்தது. கண்டக்டர் உட்காரச் சொன்னான். பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். அனந்தேட்டன் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் இடுப்பு மடிப்பை அவிழ்த்து, வேட்டியைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.